கண்ணாடிக்காரியின் அப்பா கடல் பார்க்கப் போன கதை

கண் பரிசோதனைக்கு வந்து பொய் சொல்கிற ஆட்களைக் கண்டால் கண்ணாடிக்காரிக்கு ஆகவே ஆகாது. அப்படியும் ஆட்கள் உண்டா என்று கேட்காதீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ரகம்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏதோ பரீட்சை எழுத வந்ததுபோல முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாக அந்தக் கண்ணாலும் பார்ப்பார்கள். தெரியாத எழுத்து வந்தால் கழுத்தை நீட்டுவார்கள், கண்ணைக் குறுக்குவார்கள், தங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் படித்ததை ஞாபகம் வைத்து ஒப்பிப்பார்கள்.

"பாஸ் மார்க்கா போடப் போறேன் உங்களுக்கு? தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலைங்களேன்" என்பாள் அவள். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவாள். வேறு கடைக்குப் போய் அங்கேயும் அதே பொய்யைச் சொல்லி, தப்பான கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் தடுக்கி விழுந்து, பிறகு இவளிடமே வந்து நிற்பார்கள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். 'வந்தியா மவனே' என்று வாயால் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

தெருவில் அவளுக்குப் பெயரே கண்ணாடிக்காரி. இருபத்திரண்டு வருஷம் இன்னொருவர் கடையில் நின்று கண் பார்த்தவள். முதலாளிக்கு ஒரு எழவும் தெரியாது, விலைச்சீட்டு ஒட்டத் தெரியும். வேலை எல்லாம் இவள்தான். பவர் பார்ப்பது, லென்ஸைத் தீட்டி ஃப்ரேமில் பொருத்துவது, காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்று வருகிறவர்களுக்குச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பது. கதவைத் திறந்து ஒருவர் உள்ளே வரும்போது கைப்பிடியைத் தேடுகிற தினுசைப் பார்த்தே, இவருக்குக் கிட்டப்பார்வை, இவருக்கு வெள்ளெழுத்து, இவர் சும்மா ஃப்ரேம் பார்க்க வந்தவர் என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம். கர்வம் என்ன, திமிர் என்றே சொல்லலாம்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் சொந்தக் கடை வைத்தாள். இரண்டு பக்கமும் கண்ணாடி அலமாரி, நடுவில் நடக்க வழி, பின்னால் தடுப்புக்குள் பரிசோதனை அறை. அறை நீளம் போதாது என்பதால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். நாற்காலி பழசு. உயர்த்தினால் கிறீச்சென்று கத்தும். ஆனாலும் அவளுடையது. அந்த நாற்காலியில் அப்பா ஒரு தடவை வந்து உட்கார வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வேண்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அப்பா அவளை டாக்டராக்கிப் பார்க்க ஆசைப்பட்டவர். மார்க் வரவில்லை. கண் பரிசோதனைக்கு இரண்டு வருஷப் படிப்பு ஒன்று இருக்கிறது, அதில் சேர்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "கண்ணாடி விக்கிறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா" என்றார். அத்தோடு கை கழுவப் போய்விட்டார். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். அவள் இருபத்தைந்து வருஷமாக மறக்கவில்லை. அப்படி ஒரு வார்த்தையை நெஞ்சில் தூக்கிக்கொண்டு திரிவது சரியா என்று யாராவது கேட்டால், உங்கள் அப்பா உங்களைச் சொல்லியிருந்தால் தெரியும் என்பாள்.

அப்பா மட்டும் என்ன பெரிய விஞ்ஞானியா. முதலில் லாரி ஓட்டினார். லாரிக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வயது அறுபத்தெட்டு. வாயைத் திறந்தால் "நாப்பது வருஷம், வண்டில ஒரு கீறல் கிடையாது" என்பார். மற்றவர் ஓட்டுவது எதுவும் அவருக்கு ஓட்டுவதாகவே படாது. அம்மா இருந்தவரை அம்மாவின் சமையலைக் குறை சொன்னார். அம்மா போன பிறகு ஓட்டல் சமையலைக் குறை சொல்கிறார். கடை திறந்தபோது கூப்பிட்டதற்கு, "வேனுக்கு லீவு கிடையாதும்மா" என்று போனை வைத்துவிட்டார். இப்போது பள்ளிக்கூடம் விடுமுறை. ஆறு நாள் இருக்கிறேன் என்று அவரே வந்து இறங்கினார். தன் வேனில் வராமல் பஸ்ஸில் வந்தார். எங்கே போனாலும் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற மனுஷன் பஸ்ஸில் வருகிறாரே என்று அவள் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வந்த நாளிலிருந்து அவளுக்கு எரிச்சல்தான். வாசலில் மாப்பிள்ளை கையை நீட்டினார். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து, மாமனார் வருகிறாரே என்று தூங்காமல் காத்திருந்த மனுஷன். அப்பா அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்துவிட்டார். நீட்டிய கையை மாப்பிள்ளை மெல்ல இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். சாப்பாட்டு மேசையில் அவள் தண்ணீர் வைத்தால் அப்பா முழங்கையால் தட்டிவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தட்டிவிட்டு, "டம்ளர எங்க வைக்கிறதுன்னு தெரியாதா" என்று இவளையே கேட்டார். குளியலறைக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, கட்டினவனைத் திட்டினார். மாப்பிள்ளையை மதிக்காததும் வேண்டுமென்றே, தண்ணீரைத் தட்டியதும் வேண்டுமென்றே என்று அவள் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டாள். அந்த மாதிரிக் கணக்கில் அவள் கெட்டிக்காரி.

கடை விஷயத்தில்தான் அவள் வயிறு எரிந்தது. முதல் நாள் கூப்பிட்டாள், பிரயாணக் களைப்பு என்றார். இரண்டாம் நாள் முட்டி வலி. மூன்றாம் நாள் தூங்குகிற மாதிரிப் படுத்திருந்தார். தூங்குகிறவரின் மூச்சுக்கும் தூங்குகிற மாதிரி இருப்பவரின் மூச்சுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். நாலாம் நாள் தெருமுனை வரைக்கும் கூட வந்தார். கடையின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும், பிளேடு வாங்கணும் என்று திரும்பிப் போய்விட்டார். வீட்டில் ஒரு பெட்டி பிளேடு இருந்தது.

ஐந்தாம் நாள் வாடிக்கையாளர் யாரையும் அவள் கடைக்கு வரச் சொல்லவில்லை. காலையிலேயே போய் அலமாரியைத் துடைத்து, தரையைத் துடைத்து, நாற்காலியை இரண்டு தடவை துடைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் அப்பா கிளம்புகிறார். இன்றைக்கு விட்டால் இல்லை. வந்து பார்த்தால் அப்பா சட்டை மாற்றி, தலை வாரி, செருப்போடு நின்றுகொண்டிருந்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது. அற்ப சந்தோஷம்.

"கடலுக்குப் போலாமா" என்றார் அப்பா.

"கடலுக்கா?"

"ஆமா. இவ்வளவு தூரம் வந்துட்டு கடலப் பாக்காமப் போனா எப்படி."

"கடல்ல என்ன இருக்கு, உப்புத் தண்ணின்னு நீங்கதான சொல்வீங்க? சின்ன வயசுல நான் அழுதப்பக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல."

"அப்பப் பாக்கல. இப்பப் பாக்கணும்னு இருக்கு."

"அப்ப கடை?"

"கடை எங்க ஓடிடப் போகுது."

"கடல் மட்டும் ஓடிடுமா?"

அப்பா வாசலுக்கு நடந்தார். போகிற வழியில் கால்மிதியில் தடுக்கி, கால்மிதியைத் திட்டினார். தன் கடையை மிதிப்பதற்கு உப்புத் தண்ணீரே மேல் என்று நினைக்கிற மனுஷனோடு வாய் கொடுத்து என்ன ஆகப் போகிறது. பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும்.

பஸ்ஸில் அப்பா இடது பக்கத்து ஜன்னலோர இருக்கையில் போய் உட்கார்ந்தார். அவளை வலது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரப் பயணம். அந்த ஒன்றரை மணி நேரமும் டிரைவரின் குலத்தையே அலசினார். கியர் மாத்துறானா, கரும்பு முறிக்கிறானா என்றார். பிரேக்கை மிதிக்கிற சத்தத்தைக் கேட்டே இவன் லைசென்ஸை யாரிடம் வாங்கினான் என்று தெரிகிறது என்றார். அவருக்கு வண்டி என்றால் காதுதான் எல்லாம். கடைசித் திருப்பத்தில் இடது பக்கம் முழுக்கக் கடல் விரிந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அப்பா நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கடல் வந்துருச்சு. பக்கத்துலயே ஜன்னல். பாக்கத்தான வந்தீங்க?" என்றாள் அவள்.

"ம், ம். பாத்தேன்" என்றார் அப்பா, தலையைத் திருப்பாமலேயே.

இதற்கு மேலும் ஒருத்தர் வாயால் சொல்ல வேண்டுமா. நாளைக்கு இவரைப் பஸ் ஏற்றிவிட்டு இனிமேல் கூப்பிடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

கடற்கரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிமெண்டு நடைபாதை, வரிசையாக பெஞ்சுகள், துருப்பிடித்த குழாய், காற்றில் பறக்கிற காகிதக் கோப்பைகள். நடக்கும்போது அவள் இடது பக்கம் வந்தால் அப்பா நின்று, அவளை வலது பக்கம் தள்ளிவிட்டு நடந்தார். ரோட்டோரப் பக்கம் தான் நடக்க வேண்டுமாம், டிரைவர் புத்தி என்று நினைத்தாள். ரோடு அந்தப் பக்கம் இல்லவே இல்லை. கடல்தான் இருந்தது. கோபத்தில் இருக்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது.

டீக்கடையில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் அவளுக்கு ஒன்று, அப்பாவின் இடது முழங்கைக்குப் பக்கத்தில் ஒன்று என்று டீயை வைத்துவிட்டுப் போனார். அவள் குடித்து முடித்துவிட்டாள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்ப்பா, டீ சொல்லி எவ்வளவு நேரமாச்சு. தேயிலச் செடி நட்டு வளத்துக் கொண்டாரப் போறியா" என்று கடைக்காரரைக் கூப்பிட்டார்.

கடைக்காரர் டீயையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். "அந்தா இருக்கே பெரியவரே" என்றார்.

அப்பா தலையை முழுசாகத் திருப்பி, கோப்பையைக் கண்டுபிடித்து, "இதுவா டீ" என்றார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அவளுக்கு மானம் போயிற்று. அடுத்தவன் போட்ட டீயை டீயே இல்லை என்று குத்திக்காட்டுவதற்கு இப்படி ஒரு நாடகமா. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாத டீக்கடைக்காரருக்கே பாதி புரிந்திருக்கும். புரியாதவள் அங்கே ஒரே ஒருத்திதான். இருபது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் கண்ணையே பார்த்துச் சாப்பிடுகிறவள். கைப்பிடியைத் தேடுகிற தினுசைப் பார்த்தே பவர் சொல்கிறவள். தன் அப்பா ஐந்து நாளாகக் கண்ணெதிரே இடித்துக்கொண்டும் தட்டிவிட்டுக்கொண்டும் திரிகிறார், இவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவமானம் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். தேடினால் கிடைக்காமலா போகும்.

கடலுக்குள் கொஞ்ச தூரம் நீளும் பாலம் ஒன்று இருந்தது. அதன் முனையில் இரும்புத் தூணில் ஒரு தொலைநோக்கி. ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிற வகை. காசு போட்டால் உள்ளே மூடி திறந்து மூன்று நிமிஷம் காட்டும், பிறகு மூடிக்கொள்ளும். காசு போடச் சொல்லும் அறிவிப்பு பக்கவாட்டில் எழுதியிருந்தது.

"கடல் பாக்கணும்னீங்களே. வாங்க, நல்லாப் பாருங்க. கிட்டக்கவே தெரியும்" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். அவள் குரலில் இருந்தது அன்பு இல்லை என்பது அப்பாவுக்கும் தெரியும். சீக்கிரம் பார்த்துத் தொலைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று அவரும் குனிந்து வலது கண்ணை வைத்தார். அவள் இன்னும் பையின் அடியில் சில்லறையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அப்பா அசையாமல் நின்றார். பிறகு அவருடைய இடது கை மெல்ல வந்து தூணைப் பிடித்தது. விரல் முட்டி தெரிய இறுக்கிப் பிடித்தது.

"ம். தெரியுது" என்றார். "கப்பல். பெரிய கப்பல். வெள்ளை."

அவளுக்கு அப்போதுதான் காசு கிடைத்தது. காசை விரலில் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். நம்மைக் கேலி செய்கிறார் என்பதுதான் முதலில் மனசில் வந்தது. அந்த நேரத்திலும் அதுதான் வந்தது.

"மேல புகை கூடப் போகுது" என்றார் அப்பா. குரல் பிசிறியது. நெற்றியில் வியர்வை. அவ்வளவு காற்றில் வியர்வை.

கண்ணை எடுத்து நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் முதல் வேலையாக உள்ளங்கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, வலது கண்ணால் பார்த்தார். ரேகை ரேகையாகப் பார்த்தார். அதன் பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

அந்தச் செய்கை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கண் போனவர்கள் மிச்சம் இருக்கிற கண் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. காலையில் விழித்ததும் படுக்கையிலேயே பார்ப்பார்கள். பஸ்ஸில் கண் அசந்து எழுந்தால் பார்ப்பார்கள். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். மூடிக் கிடந்த தொலைநோக்கியில் இருட்டைப் பார்த்துவிட்டு, இருந்த கண்ணும் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார் இந்த மனுஷன். நினைத்தும், அந்தப் பயத்திலும், கப்பல் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்.

அவள் அவருடைய இடது பக்கம் போனாள். காசு பிடித்த விரலை அவர் காதுக்குப் பக்கத்தில் நீட்டி, மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். புருவம் தாண்டியது, கன்னம் தாண்டியது. அவர் சிமிட்டவில்லை. மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார். பிறகு வலது பக்கம் போய் அதையே செய்தாள். அங்கேயும் விரல் கிட்டத்தட்ட நடுவுக்கு வரவேண்டியிருந்தது. குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வட்டம்தான் அவருக்கு மிச்சம்.

"காசு இன்னும் என் கையிலதாம்ப்பா இருக்கு" என்றாள்.

"என்ன காசு?"

"அதுல காசு போட்டாத்தான் திறக்கும். நான் இன்னும் போடல. நீங்க எந்தக் கப்பலப் பாத்தீங்க?"

அப்பா தொலைநோக்கியைப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த எழுத்தைத் தலையைத் திருப்பித் தேடிப் படித்தார். முகம் சுருங்கிப் போயிற்று.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றார்.

"இடது கண்ணு எப்பலேருந்து இல்ல?"

"யாரு சொன்னா இல்லைன்னு."

"அப்பா."

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார் அப்பா. "வலது நல்லாத்தான் இருக்கு. எழுத்தெல்லாம் படிப்பேன்."

"ஓரத்துல?"

"ஓரத்துல என்ன இருக்கு. ரோடு நடுவுலதான இருக்கு."

"ஓரத்துலேருந்துதான பிள்ளைங்க குறுக்க ஓடி வரும்?" அவள் குரல் உயர்ந்தது. பாலத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "வேன்ல எத்தன பிள்ளைங்க?"

"பதினேழு. போன வருஷத்த விட ஒண்ணு கூட."

"லைசென்ஸ் எப்படிக் குடுத்தாங்க?"

அப்பாவின் வாய் ஓரத்தில், வெட்கங்கெட்டதனமாக, லேசாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "மொதல்ல வலது கண்ணால படிக்கச் சொன்னாங்க. படிச்சேன். அப்புறம் இடது கண்ணால. அதையே திருப்பிச் சொன்னேன்."

இருபது வருஷமாக அவள் திட்டித் தீர்த்த அத்தனை பொய்யர்களுக்கும் தலைமைப் பொய்யர் அவளுடைய சொந்த அப்பா. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அசிங்கமா இல்லையாப்பா உங்களுக்கு? நாப்பது வருஷம் கீறல் இல்ல, கீறல் இல்லன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. கீறல் விழுந்தா உங்களுக்குத் தெரியுமா முதல்ல? பெத்தவங்க உங்கள நம்பிப் பிள்ளைய ஏத்தி அனுப்புறாங்க. நீங்க ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு, அதுலயும் பாதிய வச்சிக்கிட்டு... என்கிட்ட வந்திருக்கலாமில்ல? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போய், அந்தக் கண்ணக் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம். நான் எதுக்கு இருக்கேன்?"

"உன்கிட்ட எப்படி வர்றது" என்றார் அப்பா. "லைசென்ஸ் ஆபீஸ்ல ஏமாத்தலாம். பள்ளிக்கூடத்துல ஏமாத்தலாம். உன் கடைக்குள்ள கால வச்சா ஒரே நிமிஷத்துல கண்டுபிடிச்சிருவ. எனக்குத் தெரியாதா. அதுக்குப் பயந்துதான் கடல் கடல்னு சொல்லி உன்ன இழுத்துட்டு வந்தேன். வண்டி இல்லன்னா நான் காலைல எந்திரிச்சு எங்கம்மா போவேன்?"

இருபத்தைந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அதுதான். உனக்கு வேலை தெரியும் என்கிற வார்த்தை. வந்தே விட்டது. எப்போது வந்தது என்றால், அந்த வார்த்தைக்கு அவள் துளியும் லாயக்கில்லை என்று அவளுக்கே தெரிந்த நிமிஷத்தில் வந்தது. நீட்டிய கை, தட்டிவிட்ட தண்ணீர், இடித்த தோள், ஜன்னல், டீ. ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. படிப்பில்லாத டீக்கடைக்காரர் பார்த்த அளவுகூட அவள் பார்க்கவில்லை. தூ என்று தன்னையே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "ஆமா, நீ எப்பக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டார். "இப்பத்தானா?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் 'இப்பத்தானா' என்றபோது அவர் குரல் ஒரு படி ஏறியது. அந்த ஏற்றம் அவளுக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து பொய் சொல்கிறவர்கள், ஒரு வரி தப்பித்துவிட்டோம் என்று தெரிந்ததும் பேசுகிற குரல். ஆமாம், இப்போதுதான் என்று சொன்னால் போதும். ஐந்து நாள் இவளோடு ஒரே வீட்டில் இருந்து இவள் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டோம், அப்புறம் எவனுக்குத் தெரியப் போகிறது என்று பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை காலையில் வண்டியை எடுப்பார். பதினேழு பிள்ளைகளும் ஏறுவார்கள். ஓரத்திலிருந்து வேறு ஏதாவது ஒரு பிள்ளை ஓடி வரும்.

"முதல் நாளே" என்றாள் கண்ணாடிக்காரி. "வாசல்ல உங்க மாப்பிள்ள கைய நீட்டினப்பவே தெரியும். நீங்களா வாயத் திறந்து சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்."

கண் முன்னால் யார் பொய் சொன்னாலும் பிடிக்காதவள், கண் சிமிட்டாமல் சொன்னாள்.

அப்பாவின் தோள் இரண்டும் இறங்கின. எங்கேயோ இறுக்கிக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டார். "அதான பாத்தேன்" என்றார். "உனக்குத் தெரியாம இருக்காதுன்னு எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சு." சட்டைப் பைக்குள் கைவிட்டு வேன் சாவியை எடுத்தார். விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தவர் வேன் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்கி எழுந்திருக்கிறார். அவள் கையில் காசு இருந்ததால், தடவிப் பார்த்து மற்றொரு கையில் வைத்தார்.

"இன்னொரு சாவி பள்ளிக்கூட ஆபீஸ்ல இருக்கு" என்றார், கேட்காமலேயே.

"அப்ப ஆபீஸ்லயே சொல்லிருங்க. இப்பவே."

அவளே எண்ணை அழுத்திக் கொடுத்தாள். பள்ளிக்கூட மேலாளர் எடுத்தார். அப்பா முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசினார். "சார், நான்தான் வேன்... ஆமா, ஆமா. இல்ல சார், திங்கக்கிழமை நான் வரல. திங்கக்கிழமை மட்டும் இல்ல, இனிமேயே வரல. வேற ஆளப் பாத்துக்குங்க. கண்ணு சரியில்ல சார்." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தீர்கள் என்று கேட்டிருப்பார்கள். அப்பா சிரித்தார். வந்த ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"உங்களுக்கெல்லாம் தெரியாது சார். எம் பொண்ணு கண்ணு பாக்குறவ. அதுக்குன்னே படிச்சவ. ரெண்டு வருஷப் படிப்பு. அவகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது. நான் வாசல்ல வந்து இறங்கினதுமே கண்டுபிடிச்சிட்டா."

கண்ணாடிக்காரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் இருந்த காசு வியர்த்துப் போயிருந்தது. அதைத் தொலைநோக்கியில் போட்டாள். உள்ளே கடக்கென்று மூடி திறந்தது. குனிந்து கண்ணை வைத்தாள். கண்ணீர் தளும்பிக்கொண்டு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

பின்னாலிருந்து அப்பா கேட்டார். "என்னம்மா, கப்பல் ஏதாவது இருக்கா?"

"தெரியலப்பா" என்றாள்.